எண்பத்தேழாம் பக்கம்

"தப்பா இருந்தா தயங்காம சொல்லுங்கம்மா, அடிச்சிடலாம்" என்றார் சரிபார்ப்பாளர்.

மறைந்த நாவலாசிரியரின் வாழ்க்கை வரலாறு நாளை அச்சுக்குப் போகிறது. அதில் இருப்பதெல்லாம் நிஜம்தானா என்று விசாரித்துக் கையெழுத்துப் போடுவது பதிப்பகத்தில் இவருடைய வேலை. இருபது வருஷத்தில் ஒரு பொய்க்கும் கையெழுத்துப் போட்டதில்லை என்று மார்தட்டிக்கொள்கிற மனிதர். நாவலாசிரியரின் மனைவிக்குப் போன வாரமே ஒரு பிரதியை அனுப்பிவிட்டு, இன்று பென்சிலும் கையுமாக அவர் வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"இருபதாம் பக்கம். விடியக்காலையில எழுந்து எழுதுவார்னு இருக்கு."

"யாரு, அவரா? இடியே விழுந்தாலும் பத்து மணிக்கு முன்னாடி எழுந்திருக்க மாட்டாரு. அடிங்க."

அடித்தார்.

"நாப்பத்திரெண்டு. வீட்டில் கலகலப்பாகப் பேசுவார்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவர் நாவல்ல ஒருத்தன் மூணு பக்கத்துக்கு மனசுக்குள்ளயே பேசிக்கிட்டுப் போவானே, வீட்டுலயும் அதேதான். என்ன, நாவல்லன்னா நமக்குப் படிக்கவாவது கிடைக்கும்."

அதையும் அடித்தார். அம்மா வரி விடாமல் படித்திருந்தார். கல்யாண வருஷம், வாடகை வீட்டு மாடிப்படி, உடைந்த மூக்குக் கண்ணாடி என்று ஒன்றும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. சரிபார்ப்பாளருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"எண்பத்தேழு" என்றார், அடிப்பதற்குப் பென்சிலைத் தயாராக வைத்துக்கொண்டு. "மகள் பிறந்த அன்று, காலையிலிருந்து இருட்டும்வரை பிரசவ வார்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்."

"ஐயோ, அத அடிச்சிடாதீங்க தம்பி!"

பென்சில் நின்றது.

"அன்னிக்கு நான் உள்ள நினைவில்லாம கிடந்தேன். கண்ணு முழிச்சப்ப அவரு இல்ல. மூணாம் நாள்தான் வந்து எட்டிப் பாத்தாரு. எங்க போனீங்கன்னு நானும் கேக்கல, அவரும் சொல்லல. வரவே இல்லைன்னு நானா முடிவு கட்டிட்டேன்."

சரிபார்ப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாப்பது வருஷம் அந்த வன்மத்த வெச்சுக்கிட்டே குடும்பம் நடத்தியிருக்கேன். கடைசி நாள்ல தண்ணி கேட்டாரு. குடுத்தேன், ஆனா முகத்தப் பாத்துக் குடுக்கல. இதப் படிச்சதுலேர்ந்து வெக்கம் பிடுங்கித் தின்னுது தம்பி. அந்த மனுஷன் வாசல்லயே இருந்திருக்காரு."

"அம்மா, அது வந்து..."

"மககிட்டயும் அப்பா வரலைன்னு சொல்லியே வளத்தேன். அவ அவரோட பேச்சையே நிறுத்திட்டா. சாவுக்குக் கூட வரல. நேத்து ஃபோன்ல இந்த வரியப் படிச்சுக் காட்டினேன். விக்கி விக்கி அழறா. புத்தக வெளியீட்டுக்கு வரேன்னு சொல்லிட்டா."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"யாராவது பாத்தவங்க சொல்லித்தானே எழுதியிருப்பாங்க? நீங்கதான் எல்லாத்தையும் சரி பாக்குறவரு. சொல்லுங்க, இது நெஜம்தானே?"

சரிபார்ப்பாளர் கூனிக் குறுகிப் போனார். அந்த முகத்தைப் பார்க்கக் கூசியது. இருபது வருஷமாக மார்தட்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது.

"நெஜம்தாம்மா" என்று சொல்லி, அந்த வரிக்குப் பக்கத்தில் சரி என்று குறி போட்டார்.

பிரதியை ஒழுங்காகப் படிக்கிறார்களா என்று சோதிக்க, படித்தவர் அடிக்காமல் விடவே முடியாத ஒரு பொய்யைத் தானே எழுதி நுழைத்து அனுப்புவது அவருடைய வழக்கம். இந்த முறை அவர் எழுதி நுழைத்தது அந்த ஒற்றை வரியைத்தான்.