நிற்காத நாலு கால்

"இன்னா நந்தகோபால், மறுபடியும் கால் இறங்கிப்போச்சா? அடுத்த மாசம் கச்சேரி இருக்குப்பா" என்றார் மெல்லிசைக் குழு சீனிவாசன். ஆறடி மனிதர்.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஃபிட்டரான நந்தகோபால் தலையைச் சொறிந்தான். மேசை மாதிரி நாலு காலில் நிற்கும் அவருடைய துருப்பிடித்த பெடல் ஸ்டீல் கிதாரை வீட்டில் வைத்துப் புதுசாக்கிவிட்டான். அவர் உயரத்துக்கு அதன் கால்களை ஏற்றி முறுக்கிவிட்டுத்தான் தினமும் வேலைக்குப் போகிறான். சாயங்காலம் வந்து பார்த்தால் நாலு காலும் ஒரே அளவாக இறங்கிக் கிடக்கின்றன.

"இவர் போட்ட திருகாணி லட்சணம் அப்படி சார். இந்தப் பேஜாரை இன்னிக்கே எடுத்துக்கினு போய்டுங்க" என்றாள் மனைவி சந்திரா.

"ஒரு நாள் பொறுங்க சார்" என்று அனுப்பிவைத்தான் நந்தகோபால்.

மறுநாள் தோல் லாரி வராததால் கம்பெனி சீக்கிரமே விட்டது. வீட்டு வாசலிலேயே பாட்டு கேட்டது. எட்டிப் பார்த்தான். குட்டையான முக்காலியில் உட்கார்ந்து, பெடலை மிதித்தபடி, எவர்சில்வர் டம்ளரைக் கம்பிகள்மேல் இழுத்து வாசித்துக்கொண்டிருந்தாள் சந்திரா. கிதார் அவள் மடிக்கு வாகாக இறங்கியிருந்தது.

நந்தகோபால் சத்தமில்லாமல் திரும்பி டீக்கடைக்குப் போனான்.

காலையில் சீனிவாசன் வந்தார்.

"கால் இன்னும் நிக்கல சார். ஒரு வாரம் ஆவும்" என்றான் நந்தகோபால்.

அவர் தெருமுனை தாண்டியதும் ஸ்பானரை எடுத்து நாலு காலையும் தானே இறக்கினான்.

"இந்த உயரம் போதுமா, உக்காந்து பாரு" என்றான் சந்திராவிடம்.