அட்டைப்படத்து முகம்

"இதெல்லாம் ஒரு பத்திரிகையா? பாதி விளம்பரம். மீதியில யாருமே உடுத்த முடியாத துணி!"

"இதுக்குத்தானே கடை திறக்கறதுக்கு முன்னாடியே போய் நில்லுங்கன்னு என்னை விரட்டுன?" என்றார் கணவர், செருப்பைக் கழற்றியபடி.

அவள் அட்டைப்படத்தைக் கண்ணருகே கொண்டுபோனாள். "இந்தப் பொண்ணப் பாருங்க. இது மூஞ்சியா, பீங்கான் தட்டா? ஒரு பரு, ஒரு மச்சம் கிடையாது. மொத்தத்தையும் வழிச்சு எடுத்துட்டாங்க."

"ஃபேஷன் பத்திரிகைன்னா அப்படித்தான்டி. கம்ப்யூட்டர்லயே தேய்ச்சு மெழுகிடுவாங்க."

"மெழுகறதுக்கு இது என்ன தரையா?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அட்டைப் பெண்ணின் இடது புருவத்துக்கு மேலே கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

கைபேசி அடித்தது.

"அம்மா! அட்டையப் பாத்தியா? எப்படி இருக்கேன்?" மகளின் குரல் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது.

சின்ன வயதில் மகள் ஊஞ்சலிலிருந்து விழுந்து, இவள் மடியில் படுத்தே ஆற்றிக்கொண்ட அந்தக் காயத்தின் தழும்பு, விரலுக்கடியில் இல்லவே இல்லை.

"ராணி மாதிரி இருக்கடி. ஊர்க்கண்ணே பட்டுடும்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

"ஞாயித்துக்கிழமை ஒரு எட்டு வந்துட்டுப் போறியாம்மா? உன் மூஞ்சியப் பாக்கணும்போல இருக்கு."