கைப்பழக்கம்

மதியம் ஆகியும் மார்லிஸின் இலக்கு அட்டையில் ஒரு பொத்தல்கூட விழவில்லை. பக்கத்தில் நின்ற லைலின் அட்டை சல்லடையாகிக் கிடந்தது.

“என்னக்கா, அட்டையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டப் போறீங்களா?” என்று சிரித்தான் லைல். கோதுமை வயலில் வேலை இல்லாத நாட்களில் தகர டப்பாக்களைச் சுட்டுப் பொழுதைக் கழிக்கிறவன் அவன்.

“நீ உன் அட்டையைப் பாருய்யா,” என்று அவனை அடக்கிவிட்டு, பயிற்சியாளன் கர்ட் அவளருகே வந்தான்.

பொழுதுபோக்காகச் சுடுகிறவர்களுக்கு அவன் நடத்தும் ஒருநாள் கார்பைன் துப்பாக்கி வகுப்பு அது. வடக்கு டகோட்டா மாநிலத்தின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். ஐம்பதைத் தாண்டிய பெண் ஒருத்தி தனியாக வந்து, வாடகைத் துப்பாக்கியை வாங்கும்போதே தயங்கினால், அவளை யாரோ மிரட்டியிருக்கிறான் என்றுதான் அர்த்தம். அப்படிப் பலரை கர்ட் பார்த்திருக்கிறான்.

“மேடம், உங்களுக்கு யாராவது தொந்தரவு கொடுக்கிறாங்களா?” என்று தணிந்த குரலில் கேட்டான்.

“அப்படியெல்லாம் யாரும் இல்லை. துப்பாக்கியில குண்டைக் காலி பண்றதை மட்டும் இன்னொரு தடவை காட்டுங்களேன்.”

காலையிலிருந்து அவள் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான். குறி பார்ப்பதிலோ, மண்டியிட்டுச் சுடுவதிலோ அவளுக்கு மனம் செல்லவில்லை.

கர்ட் சலிக்காமல் காட்டினான். குண்டுகள் இருக்கும் மேகசினைக் கழற்றினான், போல்ட்டைப் பின்னால் இழுத்துப் பிடித்தான், உள்ளே குனிந்து பார்த்தான். பிறகு குண்டு ஏதும் தங்கியிருக்கிறதா என்று சுண்டுவிரலை விட்டுத் துழாவினான்.

“கண்ணு ஏமாத்திடும், விரல் ஏமாத்தாது. பெட்டியில வைக்கிறதுக்கு முன்னாடி, துடைக்க உட்கார்றதுக்கு முன்னாடி, எப்பவும் இதைச் செஞ்சாகணும்.”

அவள் தானே செய்து பார்த்தாள். திரும்பத் திரும்பச் செய்தாள். சுண்டுவிரல் நுனியில் தோல் உரிந்து ரத்தம் கசிந்ததைக்கூட அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கர்ட்டின் பிக்கப் வண்டியின் பின்கதவைச் சாய்த்துப் போட்டு மூவரும் உட்கார்ந்தார்கள். மண்மேட்டைத் தாண்டி வந்த காற்று காபியில் புழுதியைத் தூவியது. மார்லிஸ் சாண்ட்விச்சைப் பிரித்து மடியில் வைத்தாளே தவிர, கடிக்கவில்லை.

“ஒண்ணு கேக்கணும். நீங்க காட்டினதை நல்லாக் கத்துக்கிட்ட ஒருத்தர், பின்னாடி ஒரு நாள் மறந்துட முடியுமா?”

“ஏன் முடியாது?” என்றான் லைல் வாய் நிறைய ரொட்டியுடன். “மனுசன்தானேக்கா. நான் போன வாரம் டிராக்டரை ஓடவிட்டுட்டே வீட்டுக்குத் தூங்கப் போயிட்டேன்.”

மார்லிஸ் சட்டென்று அவன் பக்கம் திரும்பினாள். அன்று முழுவதும் இல்லாத ஒரு வெளிச்சம் அவள் முகத்தில் வந்தது. “அப்படித்தானே? யாருக்கும் நடக்கும்தானே?”

கர்ட்டுக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண் தன்னையே நம்பாமல் தவிக்கிறாள். இந்த மடையன் வேறு பயத்தைக் கிளப்பிவிடுகிறான்.

“அவன் கிடக்கிறான், மேடம். இது புத்தியில இருக்கிற விஷயம் இல்லை, கையில இருக்கிறது. என்கிட்ட கத்துக்கிட்டவங்க ஒருத்தர்கூட இதை மறக்க மாட்டாங்க.”

“ரொம்பக் களைச்சுப் போயிருந்தா?”

“அப்பவும்தான்.”

“மனசு ஒரு நிலையில இல்லைன்னா? விளைச்சல் போய், ராத்திரியெல்லாம் தூக்கமில்லாம...”

“மனசு எங்க போனாலும் கை அதைச் செஞ்சிடும். இங்க பாருங்க.” கர்ட் கண்களை இறுக மூடிக்கொண்டு துப்பாக்கியை எடுத்தான். மேகசின், போல்ட், சுண்டுவிரல். பேசிக்கொண்டே சொடக்குப் போடுவதுபோல் அத்தனை சுலபமாகத் தெரிந்தது லைலுக்கு. “அடிச்சுச் சொல்றேன். தைரியமா இருங்க.”

அவன் கண் திறந்தபோது மார்லிஸின் முகத்தில் அந்த வெளிச்சம் இல்லை. அவள் சாண்ட்விச்சைப் பழையபடி காகிதத்தில் சுற்றினாள். கழுத்தில் கிடந்த காதுக் கவசத்தைக் கழற்றி அவனிடம் நீட்டினாள்.

“என்ன மேடம், இன்னும் பாதி வகுப்பு இருக்கே? நீங்க சுடவே கத்துக்கலையே!”

“நான் சுடக் கத்துக்க வரலை, கர்ட்.” அவள் வண்டியை விட்டு இறங்கினாள். “என் வீட்டுக்காரர் ஆர்லோ போன வருஷம் துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்தவர், எந்திரிக்கலை. உள்ளே குண்டு இருந்ததை மறந்திருப்பார், விபத்துதான்னு ஷெரிஃப் சொன்னார். சர்ச்சுலயும் அப்படித்தான் சொன்னாங்க. என் பொண்ணுங்க அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க.”

லைல் மெல்வதை நிறுத்தினான். கர்ட் வண்டியிலிருந்து இறங்கி அவளருகே வந்தான். சற்று முன் சொன்னதை எப்படியாவது திரும்ப எடுத்துக்கொள்ள முடியாதா என்று தவித்தான்.

“மேடம், நான் சும்மா ஒரு பெருமைக்குச் சொன்னேன். சில பேரு மறக்கவும் செய்வாங்க. சொல்லிக் கொடுத்தவங்க சரியில்லைன்னா...”

மார்லிஸ் அவன் தோளை மெல்லத் தொட்டாள்.

“உங்ககிட்டதான் கத்துக்கிட்டார்.”