காலியாகக் கிடந்த மூன்று பைட்

“கிருஷாந்தி, இந்த மூணு பைட்ல என்னங்க குப்பை?” என்று மேலதிகாரி ஹமீத் திரையைக் காட்டிக் கேட்டார்.

பட்டிப்பொல மலைமேலிருக்கும் மழைமானி ஐந்து நிமிடத்துக்கொரு முறை அனுப்பும் பதிவுகள், ஹட்டன் அலுவலகத் திரையில் வரிசையாக நின்றன.

“அது காலி இடம் சேர். மானியோட நம்பருக்கு ஒரு பைட், மழை அளவுக்கு நாலு பைட். மழை அளவு நாலு பைட் தள்ளித் தொடங்குனாத்தான் சிப்புக்கு வாசிக்க லேசு. அதனால நடுவுல மூணு பைட் சும்மா கிடக்கும்.”

“சும்மா கிடந்தா பூச்சியந்தானே இருக்கணும்? ஒவ்வொரு பதிவுலயும் ஒவ்வொன்னு இருக்கே! அழிச்சிருங்க.”

“மழை அளவுக்கு ஒரு பாதகமும் இல்ல சேர். இருந்துட்டுப் போகட்டுமே.”

தன் தப்பை மூடி மறைக்கிறாள் என்று அவர் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், கடைசி ஒரு மணி நேரத்துப் பன்னிரண்டு பதிவுகளிலிருந்தும் அந்த மூன்று பைட்டுகளை மட்டும் எடுத்துச் சேர்த்து, எழுத்தாக மாற்றினார்.

திரையில் ஒரே ஒரு சொல் வந்தது.

‘சாப்பிட்டியா’

“யாருங்க இது?”

“என் வீட்டுக்காரர் சேர். மானியப் பாத்துக்க மேல போயி ரெண்டு வாரமாச்சு. அங்க ஃபோனுக்கு சிக்னல் இல்ல.”

ஹமீத் அவள் மேசையில் இன்னும் பிரிக்காமல் இருந்த சோற்றுப் பார்சலைப் பார்த்தார்.

“நாம மேல அனுப்புற பதிவுலயும் மூணு பைட் காலியாத்தானே இருக்கு?”

“ஆமா சேர்.”

“அப்ப மொதல்ல பார்சலப் பிரிங்க. இங்கருந்து பொய்யான தரவு போகக்கூடாது.”