செண்பகத்தின் பல் அச்சு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் செயற்கைப் பல் செய்யும் ஒரு லேபில் செண்பகத்துக்கு வேலை. 2008இல் அங்கே ஸ்கேனர் வந்தது. பல் அச்சை உள்ளே வைத்தால் முடியளவும் பிசகாமல் கம்ப்யூட்டரில் காட்டும்.

உடைந்த தன் கடைவாய்ப் பல்லின் மேல் மாட்டும் கேப் செய்ய, பல்லைக் கடித்தபடி எடுத்த தன் பிளாஸ்டர் அச்சை அதில் வைத்தாள். திரையில் படத்தைப் பின்பக்கம் திருப்பினாள். உள்ளே நாக்கு தெரிந்தது. அச்சில் நாக்கு கிடையாது.

"வரதண்ணே, இத்த வந்து பாருங்களேன்."

"மெஷினு இல்லாதத காட்டாதும்மா. இன்னொரு வாட்டி போடு," என்று சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் வரதன் டீ குடிக்கப் போனார்.

இரண்டாம் முறை நாக்கு முன்னால் நகர்ந்திருந்தது. மூன்றாம் முறை, மூடிய முன்பற்களை உள்ளிருந்து முட்டிக்கொண்டிருந்தது.

வரதன் திரும்பி வந்தார். "இன்னாம்மா, சரியாய்டுச்சா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். உதடுகள் விரிந்தன. பற்கள் பிரியவில்லை.

அவள் சிரிக்கிறாள் என்று நினைத்து வரதனும் சிரித்தார்.