குட்டைக்கால் பூச்சி

எத்திராஜ் மனு கொடுத்த எட்டாம் நாள், மாட்டு டாக்டர் அருள்பிரகாசம் மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூருக்கே வந்துவிட்டார்.

எத்திராஜின் ஏழு எருமைகளுக்கும் சொறி. முடி கொட்டி, தோல் தடித்து, கறவை பாதியாகிவிட்டது. பக்கத்துக் குடிசை அங்கம்மாவின் நாலு ஆடுகளுக்கும் சொறி. ஆட்டிடமிருந்துதான் எருமைக்கு ஒட்டியது, ஆடுகளைக் குப்பத்தை விட்டே விரட்ட வேண்டும் என்பதுதான் மனு.

புருஷனைக் கடல் கொண்டுபோன பிறகு அந்த ஆடுகள்தான் அங்கம்மாவுக்குச் சோறு. அது எத்திராஜுக்கும் தெரியும். ஆனால் துறைமுக கேண்டீனுக்குச் சொட்டு குறையாமல் பால் ஊற்றுகிறவன் என்று அவனுக்கு ஒரு பேர் இருந்தது. அந்தப் பேருக்கு முன்னால் யார் சோறும் அவன் கண்ணில் படாது.

தெருவே கூடி நின்று கேட்டும் அங்கம்மா வாயைத் திறக்கவில்லை. மடியில் கனம், அதான் வழியில் பயம் என்றான் எத்திராஜ்.

டாக்டர் எருமைத் தோலை ரத்தம் கசிகிற வரை பிளேடால் சுரண்டி ஒரு கண்ணாடித் துண்டில் வைத்தார். ஆட்டுத் தோலை இன்னொன்றில் வைத்தார். மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, எத்திராஜையே பார்க்கச் சொன்னார்.

எருமைத் தோலில் இருந்த சொறிப் பூச்சிக்கு நீளக் கால். ஆட்டுப் பூச்சி உருண்டையாக, குட்டைக் காலோடு இருந்தது.

"ரெண்டும் வேற ரகம்பா. போன மாசம் சந்தையில வாங்கினியே, அந்தப் புது எருமைதான் இதைக் கொண்டாந்திருக்கும்."

எத்திராஜ் விடுகிற ஆளா? பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற பெண்டாட்டி செல்லம்மாவை இழுத்து வந்தான். அவள் முழங்கை உள்பக்கம் சிவந்து தடித்திருந்தது.

"மாட்ட வுடு சார். மன்சாளுக்கே வந்துகீது. இதுக்கு இன்னா சொல்றே?"

டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எருமையிடம் இருந்த பூச்சி மனிதத் தோலில் தங்காது, இது ஆட்டுப் பூச்சிதான் என்றார். எத்திராஜ் ஜெயித்த மாதிரி சுற்றிலும் பார்த்தான்.

"ஆனா இது பறந்து வராது. ஆட்டை அணைச்சுப் பிடிச்சிருந்தாத்தான் ஒட்டும்," என்ற டாக்டர் செல்லம்மாவிடம் திரும்பினார். "நீ எதுக்கும்மா ஆட்டைப் பிடிச்சே?"

தன் வீட்டு ஆள் யாரும் அங்கம்மா வாசலை மிதிக்கக் கூடாது என்று எத்திராஜ் போட்ட உத்தரவு ஊரறிந்தது. செல்லம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போதுதான் அங்கம்மா வாய் திறந்தாள். "அந்தப் பொண்ண ஒண்ணும் கேக்காத சார். நான் ஆட்ட ஓட்டிக்கினு பூடறேன்."

அதைக் கேட்டதும் செல்லம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளையைத் தூக்கிப் புருஷன் கையில் வைத்தாள்.

"எனக்குப் பால் வத்தி நாலு மாசம் ஆவுது. ஏழு எருமை கறக்கற வூட்ல, புள்ளைக்குன்னு ஒரு சங்குப் பால் நீ வுட்டுட்டுப் போனதில்ல. நீ கேண்டீனுக்குப் போனப்புறம் நான் ஆட்டப் புடிச்சிக்குவேன், அங்கம்மாக்கா கறந்து குடுக்கும். உன் புள்ள ஒடம்புல கீறது பூரா அந்தப் பாலுதான்."