கூட்டல் குறி

"கம்பைலர்லதான் பிழை, ஃபாஸில். என் புரோகிராம் சரி."

"பிழை வந்தா எல்லாரும் அப்படித்தான் சொல்றது. உலகம் முழுக்கப் பாவிக்கிற கம்பைலர். ஒங்களுக்கு மட்டுமா பிழை வரும்?"

சஞ்சீவனிக்குச் சுருக்கென்றது. கண்டியில் அந்த மண்சரிவு ஆய்வு நிலையத்தில் இருவருக்கும் ஒரே பதவி. பன்விலவில் ஒரு மலைச்சரிவுக்காக அவள் ஃபோர்ட்ரான் கணினிமொழியில் எழுதி, கம்பைலர் இயந்திரமொழிக்கு மாற்றிய புரோகிராம் 'ஆபத்தில்லை' என்றது. சந்தேகப்பட்டுக் கையால் கணக்குப் பார்த்தாள். ஆபத்து என்று வந்தது. காலையில் வந்ததும் ஃபாஸிலிடம்தான் சொன்னாள். கேட்டதும் எங்கோ எழுந்து போனவன், திரும்பி வந்ததிலிருந்து கேள்வி மேல் கேள்வி.

சரிவுக்குக் கீழே தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள். மழையும் விடவில்லை. ஆனால் கைக்கணக்கை நம்பி யார் சனங்களை வெளியேற்றுவார்கள்? ஆதாரம் வேண்டும்.

"சும்மா எண் கூட்டுற கூட்டல் குறிக்கு நீங்களே புது வேலை வகுத்தீக்கிறீங்க. அதைப் பிழையா எழுதியிருந்தா?"

"அப்ப குறிய எடுத்துட்டு, அதே வேலைக்கு ஒரு பேர் வெச்சு, அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுறேன். பாருங்க."

திரையில் 'ஆபத்து' என்று வந்தது. குறியைத் திரும்பப் போட்டாள். 'ஆபத்தில்லை.'

"வேற ஏதாவது வரி குழப்பியிருக்கலாமே?"

பல்லைக் கடித்துக்கொண்டு வரிவரியாக வெட்டித் தள்ளினாள். ஒரு கைப்பிடி வரிகள்தான் மிஞ்சின. அதிலும் அதே கோளாறு. அந்தக் குறியால் மூன்றைத் தொடர்ந்து கூட்டச் சொன்னால், கம்பைலர் முதலாவதை விட்டுவிட்டது. அந்த முதலாவதுதான், மண்ணில் ஏற்கெனவே ஊறியிருந்த நீர்.

"இப்ப என்ன சொல்றீங்க?"

ஃபாஸில் மிஞ்சிய வரிகளை வாசித்து முடித்தான். "அப்படியே அனுப்புங்க. கம்பைலர் செய்றவங்களுக்கு இனி ஒரு கேள்வியும் கேக்க ஏலா."

"அது அப்புறம். மேடத்துக்கிட்டப் பேசணும். சனங்கள இறக்கணும்."

அவள் எழுந்தபோது தொலைபேசி அடித்தது. பணிப்பாளர் இராஜேஸ்வரி.

"சஞ்சீவனி, பன்விலயிலிருந்து பேசுறேன். கடைசிக் குடும்பமும் இப்பதான் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்துச்சு."

"மேடம்... நான் இன்னும் ஆதாரமே காட்டலையே!"

"காலையிலயே ஃபாஸில் வந்து ஒத்தக்கால்ல நின்னாரு. 'சஞ்சீவனி ஆபத்துன்னா ஆபத்துதான் மேடம், பிழை கம்பைலர்லதான் ஈக்கும்'னு!"